அலெக்சாண்டர் லூரியா

அலெக்சாண்டர் ரொமானொவிச் லூரியா (ஜூலை 16, 1902 – ஆகஸ்ட் 14, 1977) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உளவியலாளரும் மருத்துவரும் ஆவார். நவீன நரம்பியல் உளவியலை நிறுவியவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். மூளைக் காயத்தால் பேச்சு, எழுத்து, நினைவு, கணக்கு, திட்டமிடல் போன்ற அறிதிறன்களை இழந்தவர்களுக்கு அவற்றை வேறு வழியில் மீண்டும் கற்பிக்க முடியும் என்பதை இரண்டாம் உலகப் போரின்போது தம் பணியின் மூலம் காட்டினார். இழந்த திறனைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவிப்பதைவிட, அத்திறன் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று கண்டறிந்து, நோயாளியிடம் எஞ்சியிருக்கும் திறன்களைக் கொண்டு மாற்றுப் பாதை அமைப்பதே இவருடைய முறையின் சாரம் ஆகும்.

இளமையும் கல்வியும்

லூரியா உருசியாவின் கசான் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ரொமான் லூரியா புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர். தாயார் பல் மருத்துவர். தங்கை லிடியா பிற்காலத்தில் மனநல மருத்துவரானார். மகனும் மருத்துவம் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆனால் 1917 புரட்சியை அடுத்த ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லூரியா சமூக அறிவியலைத் தேர்ந்தெடுத்து, 1921 இல் கசான் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கசானில் உளப்பகுப்பாய்வுக் குழு ஒன்றைத் தொடங்கி, சிக்மண்ட் பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டார்.

1923 இல் மாஸ்கோவில் உள்ள உளவியல் கழகத்தில் பணியில் சேர்ந்தார். ஒரு சொல்லைக் கேட்டு மறுமொழி கூறும் அதே வேளையில் கையால் ஓர் அழுத்தியை அழுத்தச் செய்து, மன நெருக்கடி கை அசைவில் எவ்வாறு வெளிப்படுகிறது என்று பதிவு செய்யும் முறையை இங்கு உருவாக்கினார். இது பொய் கண்டறியும் கருவிகளின் முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இவ்வாய்வுகளைத் தொகுத்த நூல் 1932 இல் ஆங்கிலத்தில் வெளியானது.

விகோட்ஸ்கியுடன் பணி

1924 சனவரியில் பெட்ரோகிராடில் நடந்த மாநாடு ஒன்றில் லெவ் விகோட்ஸ்கியின் உரையைக் கேட்டது லூரியாவின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. விகோட்ஸ்கி, லூரியா, அலெக்சி லியோன்டியெவ் ஆகிய மூவரும் இணைந்து பணியாற்றத் தொடங்கினர். மனிதனின் உயர்நிலை மனச் செயல்கள் பிறப்பிலேயே முழுமையாக அமைந்தவை அல்ல. மொழி, எழுத்து, எண், கருவி போன்ற சமூகம் தந்த புறத்துணைகளைக் கொண்டு உருவாகிப் பின்னர் அகவயமாகின்றன என்பது இவர்களுடைய கொள்கை. விரல் விட்டு எண்ணும் குழந்தை காலப்போக்கில் மனத்துக்குள் எண்ணுவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

இக்கொள்கையை நோயாளிகளிடமும் இவர்கள் சோதித்தனர். நடுக்குவாத நோயாளிகள் சிலர் சமதளத் தரையில் நடக்க இயலாமல் நின்றுவிடுவர். ஆனால் அவர்களால் படியேற முடிந்தது. தரையில் சிறு காகிதத் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னபோது அவர்கள் அறையைக் கடந்தனர். தொடர்ந்து தாளமிட இயலாத நோயாளியிடம் எண்ணிக்கையை விடையாகக் கொண்ட கேள்வியைக் கேட்டு, விடையை விரலால் தட்டிக் காட்டச் சொன்னபோது அவரால் தட்ட முடிந்தது. தானாக இயங்கும் பாதை அடைபட்டபோது, பொருள் கொண்ட ஒரு செயலின் வழியாக அதே அசைவு வெளிப்பட்டது. பிற்காலத்தில் லூரியா மேற்கொண்ட மறுவாழ்வுப் பணி அனைத்துக்கும் இச்சிறு சோதனைகளே வித்து எனலாம்.

1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானுக்குச் சென்று, கல்வி சிந்தனை முறையை எவ்வாறு மாற்றுகிறது என்று லூரியா ஆய்வு செய்தார. இது சிறுபான்மை மக்களை இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டப்பட்டதால் ஆய்வு முடிவுகள் 1974 வரை நூலாக வெளிவரவில்லை. விகோட்ஸ்கி 1934 இல் காசநோயால் காலமானார்.

மருத்துவத் துறைக்கு மாறுதல்

1930களின் நடுப்பகுதியில் அரசியல் நெருக்கடி உளவியல் துறையையும் சூழ்ந்தது. 1936 இல் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராயும் குழந்தையியல் துறை அரசாணையால் தடை செய்யப்பட்டது. லூரியா மருத்துவக் கல்லூரி மாணவராகி, 1937 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தந்தையின் பழைய விருப்பம் இவ்வாறு காலம் கடந்து நிறைவேறியது. பின்னர் மாஸ்கோவின் புர்தென்கோ நரம்பு அறுவை மருத்துவக் கழகத்தில் பணியாற்றினார். மூளையில் கட்டி அல்லது காயம் எங்கு உள்ளது என்பதை எளிய சோதனைகளால் கண்டறியும் திறனை இங்கு வளர்த்துக்கொண்டார். பேச்சிழப்பு பற்றிய ஆய்வுக்காகப் பின்னர் மருத்துவ முனைவர் பட்டமும் பெற்றார்.

போர்க்கால மருத்துவமனை

1941 சூனில் செருமனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. தலையில் காயமடைந்த படைவீரர்கள் பெருந்தொகையில் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். அவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றை அமைக்கும் பொறுப்பு லூரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தெற்கு யூரல் பகுதியில் செல்யாபின்ஸ்க் அருகே கிசெகாச் என்னும் இடத்தில் இருந்த உடல்நல விடுதி 400 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாற்றப்பட்டது. ஆய்வுக்கூடமும் பயிற்சி அறைகளும் அமைக்கப்பட்டன. புளூமா செய்கார்னிக் உள்ளிட்ட உளவியலாளர்கள் இங்கு பணியாற்றினர். இதே காலத்தில் லியோன்டியெவும் அலெக்சாண்டர் சபரோசெத்சும் மற்றொரு மருத்துவமனையில் கை காயமடைந்தவர்களின் அசைவுகளை மீட்கும் பணியில் ஈடுபட்டனர்.

இத்தகைய முயற்சிகளுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. முதல் உலகப் போரின்போது செருமனியில் கர்ட் கோல்ட்ஸ்டைன், வால்தர் போப்பல்ராய்ட்டர் ஆகியோர் மூளைக் காயமுற்ற வீரர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தனர். ஆயினும் கிசெகாசில் நோயாளிகளின் தொகையும் காயங்களின் வகையும் அதிகமாக இருந்தன. நோயாளிகளுள் பெரும்பாலோர் இளைஞர்கள். காயத்துக்கு முன் நல்ல உடல்நலம் உடையவர்கள். பேசவோ படிக்கவோ இயலாமல் வீடு திரும்பினால் அவர்களுக்கு மீதி வாழ்நாள் முழுவதும் பிறரைச் சார்ந்ததாகவே அமையும் என்பதே அம்மருத்துவமனையின் முன் இருந்த சிக்கல்.

செயல் தொகுதிக் கொள்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மூளையைப் பற்றி இரு கருத்துகள் மோதிக்கொண்டிருந்தன. பேச்சு, எழுத்து என ஒவ்வொரு திறனுக்கும் மூளையில் தனி இடம் உண்டு என்றனர் ஒரு சாரார். மூளை முழுவதும் ஒன்றாகவே இயங்குகிறது என்றனர் மறு சாரார். முதல் கருத்து சரியானால், அழிந்த இடத்தின் திறனை மீட்க வழியே இல்லை. இரண்டாவது சரியானால், எந்த நோயாளிக்கும் ஒரே பொதுப் பயிற்சி போதும்.

லூரியா இரண்டையும் ஏற்கவில்லை. ஒவ்வொரு திறனும் மூளையின் பல பகுதிகள் சேர்ந்து நடத்தும் ஒரு செயல் தொகுதி என்றார். எழுதுதலை எடுத்துக்கொண்டால், சொல்லின் ஒலிகளைப் பிரித்தறியப் பொட்டுமடலும், எழுத்தின் வடிவத்தை இடஞ்சார்ந்து அறியச் சுவர்மடலும் பிடரிமடலும், அசைவுகளை வரிசையாக நடத்த இயக்கப் புறணிக்கு முன்னுள்ள பகுதியும், எழுதும் நோக்கத்தை நிலைநிறுத்த நெற்றிமடலும் தேவை. இவற்றுள் எது பழுதுபட்டாலும் எழுத்து கெடும். ஆனால் கெடும் விதம் வேறுபடும். ஒலியைப் பிரித்தறிய இயலாதவர் ஒத்த ஒலிகளின் எழுத்துகளை மாற்றி எழுதுவார். இடவுணர்வை இழந்தவர் எழுத்தின் வடிவத்தையே மறந்திருப்பார். ஒலியை அடிப்படையாகக் கொள்ளாத சீன எழுத்து முறையில், ஒலியறியும் பகுதியின் காயம் எழுத்தை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை என்பதையும் லூரியா எடுத்துக்காட்டினார்.

பயிற்சி முறைகள்

லூரியாவின் முறையில் மறுவாழ்வுப் பயிற்சி விரிவான பரிசோதனையில் தொடங்குகிறது. நோயாளி எத்தனை தவறு செய்தார் என்பதைவிட எத்தகைய தவறு செய்தார் என்பதே அங்கு முதன்மை பெற்றது. காயத்தின் அதிர்ச்சியால் தற்காலிகமாக முடங்கிய திறன்களுக்கும், திசு அழிந்ததால் இழந்த திறன்களுக்கும் இடையே அவர் வேறுபாடு கண்டார். முதல் வகைக்கு நியோஸ்டிக்மின் போன்ற மருந்துகளும் ஊக்கப் பயிற்சிகளும் பயன்பட்டன. இரண்டாம் வகைக்குச் செயல் தொகுதியை மாற்றியமைப்பதே வழி. அதற்குப் பின்வரும் முறைகள் கையாளப்பட்டன.

* பேச்சு: ஒலிகளை உச்சரிக்க நாவும் உதடும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை மறந்தவர்களுக்குக் கண்ணாடியும் வரைபடங்களும் தரப்பட்டன. ஊதுதல் போன்ற இயல்பான வாயசைவிலிருந்து தொடங்கி, அதையே ஓர் ஒலியாக மாற்றக் கற்பிக்கப்பட்டது. முன்பு காதால் கற்ற ஒலியை இப்போது கண்ணாலும் தொடுவுணர்வாலும் கற்றனர்.

* வாசிப்பு: எழுத்தைப் பார்த்தும் அடையாளம் காண இயலாதவர்கள், அதன் வடிவத்தை விரலால் வரைந்து அறியப் பழகினர். கண் செய்து வந்த பணியைக் கையசைவு ஏற்றுக்கொண்டது. பழகப் பழக விரலசைவு சிறிதாகியது.

* கோவையாகப் பேசுதல்: சொற்களும் இலக்கணமும் இருந்தும் ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ச்சியாகச் சொல்ல இயலாத நோயாளிகள் இருந்தனர். ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்தது எது என்று தெரியாமல் அவர்கள் நின்றுவிடுவர். ஆனால், பிறகு, ஏனெனில், இருப்பினும் போன்ற இணைப்புச் சொற்கள் எழுதிய பட்டியல் அவர்கள் முன் வைக்கப்பட்டது. அப்பட்டியலைப் பார்த்தபடி அவர்கள் கதையை நகர்த்தினர். வேறு சிலர் மனத்தில் தோன்றிய கருத்துகளைத் தனித்தனித் தாள்களில் எழுதி, பின்னர் வரிசைப்படுத்திக் கட்டுரையாக்கினர்.

* கணக்கு: கணக்கைப் படித்தவுடன் சிந்திக்காமல் எண்களைக் கூட்டிப் பெருக்கும் நோயாளிகளுக்குப் படிமுறைத் தாள் தரப்பட்டது. கணக்கைப் படி, என்ன கேட்கப்படுகிறது என்று பார், தெரிந்தவை எவை என்று எழுது, விடையைக் கேள்வியோடு ஒப்பிடு என்று அது வழிநடத்தியது. இம்முறையைப் பிற்காலத்தில் லூரியாவும் லியுபோவ் த்ஸ்வெத்கொவாவும் விரிவாக ஆராய்ந்தனர்.

புறத்துணைகளை அப்படியே விட்டுவைப்பது நோக்கமன்று. நோயாளி முதலில் தாளைப் பார்த்துச் செய்தார். பின்னர் படிகளை உரக்கச் சொல்லிச் செய்தார். அதன் பின் முணுமுணுத்தும் இறுதியில் மனத்துக்குள்ளும் சொல்லிச் செய்தார். விகோட்ஸ்கி குழந்தைகளிடம் கண்ட அகவயமாதல், காயமடைந்த பெரியவர்களிடம் மீண்டும் நிகழ வைக்கப்பட்டது. புதிய பாதை பழையதைப் போல விரைவானது அன்று என்பதையும், அது தானாகவே இயங்கப் பல மாதங்கள் ஆகும் என்பதையும் லூரியா மறைக்கவில்லை.

ஸசெத்ஸ்கியின் குறிப்பேடுகள்

லூரியாவின் நோயாளிகளுள் மிகவும் அறியப்பட்டவர் லெவ் ஸசெத்ஸ்கி ஆவார். போருக்கு முன் பொறியியல் மாணவராக இருந்த இவர், 1943 மார்ச் 2 அன்று தலையில் குண்டு பாய்ந்து, இடது சுவர்மடல்–பிடரிமடல் பகுதியில் படுகாயமடைந்தார். பார்வையின் வலப் பாதியை இழந்தார். எழுத்துகளை மறந்தார். மேல், கீழ், இடம், வலம் என்பன குழம்பின. தந்தையின் சகோதரர், சகோதரரின் தந்தை போன்ற தொடர்களின் வேறுபாடு அவருக்கு விளங்கவில்லை. லூரியா அவரை முதன்முதலாக 1943 மே மாத இறுதியில் சந்தித்தார்.

எழுத்துகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து எழுதுவது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. ஒரு நாள், எழுத்தெழுத்தாக எண்ணாமல், கையை எடுக்காமல் முழுச் சொல்லையும் விரைவாக எழுதும்படி அவரிடம் சொல்லப்பட்டது. அவர் எழுதினார். இடவுணர்வை நாடிய பாதை அழிந்திருந்தாலும், பல ஆண்டுப் பழக்கத்தால் கையில் பதிந்த அசைவுத் தொடர் எஞ்சியிருந்தது. ஆனால் தாம் எழுதியதைப் படிப்பது அவருக்குத் தொடர்ந்து கடினமாகவே இருந்தது.

அதன் பின் ஸசெத்ஸ்கி சுமார் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். சில நாள்களில் நாள் முழுவதும் முயன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடியவில்லை. சரியான சொல் கிடைக்கக் காத்திருந்து, கிடைத்ததும் மறந்துபோகாமல் துண்டுத் தாளில் குறித்து, வாக்கியத்தைச் சேர்ப்பதற்குள் தொடக்கத்தை மறந்து, மீண்டும் தொடங்கி அவர் எழுதினார். அக்குறிப்பேட்டுக்கு மீண்டும் போராடுவேன் என்னும் பொருள்பட அவர் தலைப்பிட்டார். அதன் பகுதிகளையும் தம் விளக்கங்களையும் இணைத்து லூரியா 1971 இல் நூலாக வெளியிட்டார்.

அது வெற்றிக் கதையாக எழுதப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஸசெத்ஸ்கி தம் பழைய கல்வியையும் தொழிலையும் திரும்பப் பெறவில்லை. அவர் திரும்பப் பெற்றது தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் ஆற்றலை மட்டுமே.

நெற்றிமடல் காயமும் தன்னுணர்வும்

ஸசெத்ஸ்கிக்கு இத்தகைய உழைப்பு எவ்வாறு முடிந்தது என்னும் கேள்விக்கு லூரியா தந்த விடை அவருடைய கோட்பாட்டின் மையப் பகுதியாகும். மூளையை அவர் மூன்று அலகுகளாகப் பிரித்தார். மூளைத்தண்டை ஒட்டிய முதல் அலகு விழிப்புநிலையைப் பேணுகிறது. பின்பகுதியில் உள்ள இரண்டாவது அலகு தகவலைப் பெற்றுப் பகுத்துச் சேமிக்கிறது. நெற்றிமடலைக் கொண்ட மூன்றாவது அலகு திட்டமிட்டு, செயலை நடத்தி, விளைவைச் சரிபார்க்கிறது. ஸசெத்ஸ்கியின் காயம் இரண்டாவது அலகில் இருந்தது. நெற்றிமடல் பாதிக்கப்படவில்லை. எனவே தாம் எதை இழந்தோம் என்று அவர் அறிந்திருந்தார், இலக்கு வைத்தார், தவறைக் கண்டு திருத்தினார்.

நெற்றிமடலில் பெருங்காயம் அடைந்தவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்கள் தெளிவாகப் பேசினர். சொன்ன கட்டளையைச் சரியாகத் திருப்பிச் சொன்னர். ஆனால் அதன்படி செய்யவில்லை. செய்யாததை உணரவும் இல்லை. பார்ப்பவருக்கு ஸசெத்ஸ்கியைவிட நலமாகத் தோன்றிய இந்நோயாளிகளுக்கே பயிற்சி அளிப்பது மிகவும் கடினமாக இருந்தது. குறையின் அளவைவிட, குறையை அறியும் திறன் எஞ்சியிருக்கிறதா என்பதே மறுவாழ்வின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்னும் இக்கருத்து பிற்கால மறுவாழ்வு மருத்துவத்தில் நிலைபெற்றது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள்

சுமார் மூன்று ஆண்டுகள் யூரலில் பணியாற்றிய பின் லூரியா மாஸ்கோ திரும்பினார். போர்க்கால அனுபவங்கள் 1947, 1948 ஆம் ஆண்டுகளில் இரு நூல்களாக வெளியாயின. 1950 இல் பாவ்லோவின் கொள்கையை மட்டுமே ஏற்கும்படி அறிவியலாளர்கள் வற்புறுத்தப்பட்ட காலத்தில், புர்தென்கோ கழகத்தில் இருந்த தம் ஆய்வுக்கூடத்தை இவர் இழந்தார். பின்னர் குறைபாடுடைய குழந்தைகளுக்கான ஆய்வுக் கழகத்தில் பணியாற்றி, குழந்தை தன் செயலைத் தன் பேச்சால் கட்டுப்படுத்தக் கற்பதை ஆராய்ந்தார். 1950களின் இறுதியில் மீண்டும் புர்தென்கோ கழகத்துக்குத் திரும்பினார்.

1966 இல் மாஸ்கோவில் நடைபெற்ற பன்னாட்டு உளவியல் மாநாட்டில் முதன்மைப் பங்காற்றினார். 1968 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் இவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வியத்தகு நினைவாற்றல் கொண்ட சாலமன் செரெசெவ்ஸ்கியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய நூலும் அதே ஆண்டில் வெளியானது. நோயாளியை ஒரு முழு மனிதராகக் கண்டு எழுதும் இவருடைய நடை, நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்சுக்கு வழிகாட்டியது. இருவருக்கும் 1973 முதல் கடிதத் தொடர்பு இருந்தது.

லூரியா 1933 இல் உயிரியலாளர் லானா லிப்சினாவை மணந்தார். இவர்களுக்கு எலெனா என்னும் மகள் இருந்தார். லூரியா 1977 ஆகஸ்ட் 14 அன்று மாஸ்கோவில் இதய நோயால் காலமானார்.

விமர்சனங்கள்

லூரியாவின் பணி பெரும்பாலும் தனி நோயாளிகளைக் கூர்ந்து கவனித்ததன் விளைவு. பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் புள்ளியியல் சோதனைகள் அதில் குறைவு. மூளைக் காயத்துக்குப் பின் முதல் மாதங்களில் இயல்பாகவே ஓரளவு முன்னேற்றம் ஏற்படும் என்பதால், முன்னேற்றத்தில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம் என்று விமர்சகர்கள் கூறினர். பரிசோதனை செய்பவரின் திறமையை இவருடைய முறை அதிகம் சார்ந்திருந்ததும் ஒரு குறையாகச் சுட்டப்பட்டது. இதனைக் களையும் நோக்கில் அமெரிக்காவில் லூரியா–நெப்ராஸ்கா சோதனைத் தொகுதி உருவாக்கப்பட்டது. ஆனால் தவறின் தன்மையை ஆராய்ந்த ஒரு முறையை மதிப்பெண்களாகச் சுருக்கிவிட்டது என்று அத்தொகுதியும் விமர்சிக்கப்பட்டது.

தாக்கம்

டென்மார்க்கைச் சேர்ந்த அன்னா-லிசா கிறிஸ்டென்சன் லூரியாவின் பரிசோதனை முறையைத் தொகுத்து 1975 இல் வெளியிட்டார். அவர் 1985 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மூளைக் காயமுற்றோருக்கான மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். ஒடிசாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜே. பி. தாஸ், லூரியாவின் மூன்று அலகுக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு அறிதிறன் கோட்பாடு ஒன்றை உருவாக்கினார். அக்கோட்பாட்டைத் தழுவிய சோதனைத் தொகுதி 1997 இல் வெளியானது.

பக்கவாதம், விபத்து ஆகியவற்றால் அறிதிறன் குறைபாடு அடைந்தவர்களுக்கு இன்று நினைவுக் குறிப்பேடு, படிமுறை அட்டை, கைபேசி நினைவூட்டல் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கற்பிக்கின்றனர். ஒரு செயலுக்கு முன் நின்று, செய்ய வேண்டியதைத் தமக்குத் தாமே சொல்லி, முடிவில் சரிபார்க்கும் பழக்கமும் பயிற்றுவிக்கப்படுகிறது. கருவிகள் மாறியிருப்பினும், கிசெகாசின் இணைப்புச் சொல் பட்டியலிலும் படிமுறைத் தாளிலும் இருந்த அதே அணுகுமுறையை இவற்றில் காணலாம்.

முக்கிய நூல்கள்

* காயத்தால் ஏற்படும் பேச்சிழப்பு (1947)
* மூளைக் காயத்துக்குப் பின் திறன்களை மீட்டல் (1948)
* மனிதனின் உயர்நிலைப் புறணிச் செயல்கள் (1962)
* பெரும் நினைவாற்றல் பற்றிய சிறு நூல் (1968)
* சிதறிய உலகம் கொண்ட மனிதன் (1971)
* நரம்பியல் உளவியலின் அடிப்படைகள் (1973)